பனி பெய்யாத நாளின் கோபம்

வட அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: வானிலைக்காரர்கள் சொன்னால் நடக்காது, சும்மா பயமுறுத்துவார்கள். நியூ ஜெர்சியிலும் டொரொண்டோவிலும் இருக்கும் நம் உறவினர்களும் தொலைபேசியில் இதையே சொல்கிறார்கள். "ஒரு அடி பனி வரும்னாங்க. பாலும் ரொட்டியும் வாங்கி அடுக்கினோம். விடிஞ்சு பார்த்தா வாசல்ல ஒண்ணுமே இல்ல."

படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் இந்த நம்பிக்கை பரவியிருக்கிறது. இது பிழையானது மட்டுமல்ல, ஆளைக் கொல்லக்கூடியது என்பதே என் வாதம்.

இந்த நம்பிக்கைக்காரர்கள் முதலில் எடுத்து வைக்கும் சாட்சி 2015 ஜனவரி. நியூயார்க் நகரத்துக்கு 20 முதல் 30 அங்குலம் வரை பனி என்று அறிவிப்பு வந்தது. நகர வரலாற்றிலேயே மிகப் பெரிய பனிப்புயலாக இருக்கலாம் என்று மேயர் டி பிளாசியோ எச்சரித்தார். ஆளுநர் குவோமோ சுரங்க ரயிலையே நிறுத்தினார். நூறாண்டு கடந்த அந்த ரயில் பனிக்காக முழுவதுமாக நின்றது அதுவே முதல் முறை. விடிந்து அளந்தபோது சென்ட்ரல் பூங்காவில் இருந்தது 9.8 அங்குலம். ஊரே கொதித்தது. நியூ ஜெர்சி மவுண்ட் ஹோலி வானிலை அலுவலகத்தின் தலைவர் கேரி சட்கோவ்ஸ்கி ட்விட்டரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

நியூயார்க்கைப் பொறுத்தவரை அந்தக் கணிப்பு தவறிப்போனது உண்மை. ஆனால் புயல் பொய்யா? அதே புயல் பாஸ்டனில் 24.6 அங்குலம் கொட்டியது. மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5 அங்குலம், அந்த ஊர் அதுவரை கண்டிராத அளவு. நியூயார்க்கை ஒட்டிக் கிழக்கே நீளும் லாங் தீவின் பல பகுதிகளில் இரண்டடிக்குக் குறையவில்லை. கடலோரமாக ஏறிவரும் இத்தகைய புயல்களின் மேற்கு ஓரம் சட்டென்று முடிந்துவிடும். புயலின் மையம் எதிர்பார்த்ததைவிடக் கிழக்கே 80, 100 கிலோமீட்டர் தள்ளிப் போனது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் புயலுக்கு அது சின்ன விலகல். மன்ஹாட்டன்காரர் வாசலில் அதுவே இரண்டடி பனிக்கும் பத்து அங்குலத்துக்கும் இடைப்பட்ட வித்தியாசம் ஆகிவிட்டது. வூஸ்டரில் பனியை வாரிக்கொண்டிருந்தவரிடம் போய் வானிலைக்காரர்கள் மிகைப்படுத்தினார்கள் என்று அன்றைக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நாம் புயலை நம் வீட்டு வாசலில் வைத்து மட்டுமே அளக்கிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோவைப் பாருங்கள். உறையாத ஏரி நீரின் மேல் கடுங்குளிர்க் காற்று நீளவாக்கில் வீசும்போது ஈரத்தை உறிஞ்சி, ஒடுங்கிய பட்டையாகப் பனியைக் கரையில் இறக்கும். 2014 நவம்பரில் அந்தப் பட்டை நகரின் தெற்குப் புறத்தில் நிலைகொண்டது. தெற்குப் புறநகர்களில் ஐந்தடிக்கு மேல் பனி; வடக்கே சில மைல் தொலைவில் வெறும் சில அங்குலம். வடக்கே இருந்தவருக்கு அந்தக் கணிப்பு பலித்ததா, பொய்த்ததா?

பனியின் கணக்கே மழையின் கணக்கைவிடக் கொடியது. சராசரியாக ஒரு அங்குல மழைநீர் பத்து அங்குலப் பனியாகும். ஈரப்பனியானால் ஐந்து, ஆறு அங்குலத்தோடு அடங்கும். ஏரிப்பனி போன்ற உலர்ந்த பொடிப்பனி இருபதையும் தாண்டும். மழைக் கணிப்பில் கால் அங்குலம் பிசகினால் ஒருவர்கூடக் கவனிக்க மாட்டார். அதே கால் அங்குலம் பனியாக இறங்கினால் இரண்டரை அங்குலம், சில வேளை ஐந்து அங்குலம். மேலே சில ஆயிரம் அடி உயரத்தில் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அத்தனையும் மழையாகிவிடலாம். இவ்வளவு நூலிழையில் நிற்கும் ஒன்றை இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல முடிகிறதே, அதுதான் வியப்பு.

விழுந்த பனியை அளப்பதுகூட எளிதல்ல. வெள்ளை பூசிய பலகையின் மேல் விழுந்ததை அளந்து துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் துடைக்கக் கூடாது. அடிக்கடி துடைத்தால் பனி தன் கனத்தில் அமுங்காது, மொத்தக் கணக்கு ஊதிப்போகும். 2016 ஜனவரிப் புயலில் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் அந்தப் பலகையே பனிக்குள் புதைந்து காணாமல் போனது. அங்கே பதிவான 17.8 அங்குலத்தைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. அதே புயலில் சென்ட்ரல் பூங்காவின் அளவு முதலில் 26.8 அங்குலம், மாதங்கள் கழித்து ஆராய்ந்து 27.5 என்று திருத்தினார்கள். தரையில் கிடக்கும் பனிக்கே இந்தப் பாடென்றால், வானத்தில் இருக்கும் பனிக்கு ஒற்றை எண் கேட்டு அடம்பிடிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை இன்று ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்வதுமில்லை. எதிர்பார்க்கும் அளவு, பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்புள்ள குறைந்த அளவு, பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு மட்டுமே உள்ள உச்ச அளவு என்று மூன்று வரைபடங்கள் வெளியிடுகிறது. அவற்றிலிருந்து உச்ச எண்ணை மட்டும் பிய்த்தெடுத்துக் கொட்டை எழுத்தில் போடுவது யார்? புயலுக்குப் பெயர் சூட்டி விளம்பரம் விற்பது யார்? வெதர் சேனல் தொலைக்காட்சி 2012 முதல் குளிர்காலப் புயல்களுக்குப் பெயர் வைத்துவருகிறது. அரசு வானிலைச் சேவை அந்தப் பெயர்களைப் பயன்படுத்துவதில்லை. கூச்சலிட்டவர்கள் ஒரு பக்கம், பழி சுமப்பவர்கள் இன்னொரு பக்கம்.

பலித்த கணிப்புகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. 1993 மார்ச்சில் கியூபாவிலிருந்து கனடா வரை நீண்ட பெரும்புயலை ஐந்து நாட்களுக்கு முன்பே சொன்னார்கள். முதல் பனி விழும் முன்பே சில மாநில ஆளுநர்கள் நெருக்கடி நிலையை அறிவித்தார்கள். பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் கணிப்பின் எல்லை நீண்டுவந்திருக்கிறது. இன்றைய ஐந்து நாள் கணிப்பு, இருபது ஆண்டுகளுக்கு முன்னைய மூன்று நாள் கணிப்பின் தரத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு செயற்கைக்கோளையும் கணினியையும் சந்தேகிக்கும் அதே வீடுகளில், 1792 முதல் வெளிவரும் ஓல்டு ஃபார்மர்ஸ் அல்மனாக் என்ற பஞ்சாங்கத்தை விரித்து வைத்து இந்தக் குளிர்காலம் எப்படி என்று பார்க்கிறார்கள். அதன் கணக்குமுறை இரகசியம். வெளியார் எவரும் சோதித்துப் பார்க்க முடியாது. தவறினால் மன்னிப்புக் கேட்பவர்களை நம்பாமல், தவறு கண்டுபிடிக்க வழியே தராதவர்களை நம்புவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எண்பது சதவீத வாய்ப்பு என்று சொன்னால் ஐந்து முறையில் ஒரு முறை நடக்காமல்தான் போக வேண்டும். எச்சரித்த ஒவ்வொரு முறையும் புயல் தவறாமல் வந்தது என்றால், எச்சரிக்க வேண்டிய பல நேரங்களில் கணிப்பாளர் வாய்மூடி இருந்தார் என்று பொருள். அப்படிப்பட்ட கணிப்பாளரைத்தான் நாம் விரும்புகிறோமா?

1978 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. பாஸ்டனில் அதிகாலையிலேயே பனி தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் வானம் சும்மா இருந்தது. வழக்கம்போல் ஏமாற்றிவிட்டார்கள் என்று மக்கள் வேலைக்குக் கிளம்பினார்கள். முற்பகலில் தொடங்கிய பனி, மறுநாள் ஓயும்போது 27.1 அங்குலம். 128ஆம் நெடுஞ்சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் புதைந்தன. காரின் புகைக்குழாயைப் பனி அடைத்துக்கொள்ள, உள்ளே சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தவர்களில் பலர் நச்சுப்புகையில் செத்தார்கள். சில மணி நேரத் தாமதத்தைப் பொய் என்று எடுத்துக்கொண்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

பெரிய பனிதான் வேண்டும் என்பதுமில்லை. 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் விழுந்தது 2.6 அங்குலம். அதிகாலையிலேயே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. பள்ளிகளும் அலுவலகங்களும் திறந்தன. நண்பகலில் எல்லாரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பின. சாலைகள் பனிக்கட்டியாயின. பிள்ளைகள் இரவைப் பள்ளியிலும் பேருந்திலும் கழித்தார்கள். எதிர்பாராத புயல் என்றார் ஆளுநர் நேதன் டீல். எழுத்தில் வந்த எச்சரிக்கையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல எப்படித் துணிந்தார்? வானிலைக்காரர் மேல் பழி போட்டால் மக்கள் நம்பிவிடுவார்கள் என்ற துணிச்சல்தான். அந்தத் துணிச்சலைக் கொடுப்பது நம்முடைய இந்த அன்றாடப் பேச்சு. பின்னர் அவர் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டார்.

கடைசியாகப் பஃபலோ, 2022 கிறிஸ்துமஸ். தலைமுறைக்கு ஒருமுறை வரும் புயல் என்று வானிலை அலுவலகம் பல நாள் முன்பே சொல்லிவிட்டது. சொன்ன நாளில், சொன்ன கடுமையோடு வந்தது. மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று, கண்முன் கையை நீட்டினால் தெரியாத பனிச்சூறை 37 மணி நேரம், விமான நிலையத்தில் 51.9 அங்குலம். அந்த வட்டாரத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் பனியில் சிக்கி நின்றன.

இறந்தவர்கள் எல்லாரும் எச்சரிக்கையை அலட்சியம் செய்தவர்கள் என்று சொன்னால் அது பாவம். வெப்பம் நின்றுபோன வீட்டில் விறைத்தவர்கள் உண்டு. ஆம்புலன்ஸ் வராமல் போனவர்கள் உண்டு. வேலை முடிந்து திரும்பும் வழியில் சிக்கியவர்கள் உண்டு. டிசம்பர் 23 வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத்தான் வாகனத் தடை அமலுக்கு வந்தது. அதற்குள் காலை வேலைக்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், புயலும் வந்துவிட்டது. நாள்கணக்கில் முன்கூட்டிக் கிடைத்த கணிப்பை, புயல் வாசலுக்கு வரும்வரை ஆட்சியாளர்கள் மேசையில் வைத்திருந்தார்கள்.

ஏன் அந்தத் தயக்கம்? புயல் விலகிப்போனால் ஊர் திட்டும். கடைக்காரர்கள் நட்டம் என்பார்கள். 2015இல் நியூயார்க் ஆட்சியாளர்கள் வாங்கிய வசவு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. சம்பளம் போகும் என்று அஞ்சி வேலைக்குப் போகிறவரைப் போகாதே என்று வானிலை அலுவலகம் தடுக்க முடியாது. அந்த அதிகாரம் ஆட்சிக்கும் முதலாளிக்கும் மட்டுமே உண்டு. ஆகவே தடையை முந்தைய இரவே அறிவிக்க வேண்டும், புயல் எண்பது கிலோமீட்டர் விலகிப்போகலாம் என்று தெரிந்தே அறிவிக்க வேண்டும். வீட்டிலிருந்த தொழிலாளிக்கு அன்றைய கூலியை யார் கொடுப்பது என்பதையும் பனிக்காலம் தொடங்கும் முன்பே சட்டமாக எழுத வேண்டும்.