திருப்புளி ஆண்களுக்கு மட்டுமா?

மின்சாரம் இல்லாத இரவுகள் எப்படியிருக்கும் என்பதை எங்கள் வயதினர் சரியாக அறியோம். 2012-ஆம் ஆண்டில் தமிழகம் பட்ட பாட்டைப் பெற்றோர் சொல்லத்தான் கேட்டிருக்கிறோம். நாளில் பாதி நேரம் மின்வெட்டாம்! சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் ஓய்ந்து நின்றன. இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கடைவீதிகளில் ஜெனரேட்டர்கள் உறுமின. வசதியுள்ள வீடுகள் இன்வெர்ட்டர் வாங்கின.

அந்த இன்வெர்ட்டர் இன்றும் பல வீடுகளின் மூலையில் இருக்கிறது. ஆனால் அதன் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதற்குக்கூட அண்ணன் வர வேண்டும். இல்லையேல் எலக்ட்ரீஷியன் வர வேண்டும். வீட்டுப் பெண்கள் அதன் மூடியைத் தொட்டதேயில்லை. இது முறைதானா?

பாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நாம் படிக்கிறோம். ஜெனரேட்டரின் படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் ஒரு டைனமோவைக் கையால் சுற்றிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? பழைய சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். அந்நாளில் அது ஒரு மங்கலான பல்புக்கே காணும். இன்றோ, அதே 3 வாட்டில் எல்.இ.டி. விளக்கு ஒன்று மேசையில் படிக்கப் போதிய ஒளி தரும். உடைந்த பொம்மைக் காரின் மோட்டாரைச் சுற்றினாலும் சிறு விளக்கு மினுக்கும். உள்ளே நிலைக்காந்தம் இருப்பதே காரணம். மேசை மின்விசிறியின் மோட்டாரில் நிலைக்காந்தம் இல்லை. எவ்வளவு சுற்றினாலும் விளக்கு எரியாது. இந்த வேறுபாட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் மனத்தில் பதியும்.

1990-இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பேட்டரிக்கும் தடை. அம்மக்கள் சைக்கிளை நிறுத்தி வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோ மின்சாரத்தில் வானொலியைப் பாட வைத்துச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றி, அதனடியில் பிள்ளைகள் பாடம் படித்தனர். அவ்வாறு படித்துப் பரீட்சை எழுதியவர்களில் எங்களைப் போன்ற பெண்களும் இருந்தார்கள் அன்றோ?

இராஜஸ்தானில் திலோனியா என்னும் சிற்றூரில், 1972-இல் தொடங்கிய 'பேர்ஃபூட் காலேஜ்' உள்ளது. எழுத்தறியாத பாட்டிமார், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் அங்கே வந்து, நிறங்களையும் சைகைகளையும் கொண்டே ஆறு மாதத்தில் சூரிய விளக்கு அமைக்கக் கற்றார்கள். பாட்டியால் முடிந்தது பேத்தியால் முடியாதா?

"கரண்ட் விஷயம், கை வைக்காதே" என்பார்கள். ஆபத்து உண்மைதான். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டினால், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். அதன் ஒயரை வீட்டுப் பிளக்கில் சொருகினால், மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, டிரான்ஸ்ஃபார்மரில் 11,000 வோல்ட்டாக உயர்ந்து, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைப் பறிக்கலாம். அதற்காகவே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும். ஆனால் இந்த ஆபத்துகளை அறியாதிருப்பதா பாதுகாப்பு?

டைனமோவால் வீடு முழுவதையும் நடத்திவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு மின்விசிறிக்கு எழுபது வாட் வேண்டும். மிதித்து ஓட்டினால் காற்று மற்றவர்க்கு, வியர்வை மிதிப்பவர்க்கு! அதற்குச் சூரியத் தகடுகளே தக்கவை. ஆனால் தகட்டின் தூசியைத் துடைக்கவும், தளர்ந்த ஒயரை முடுக்கவும் ஒரு கை வேண்டுமே!

பத்துக் கன்னியர் உவமையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். எண்ணெயோடு வந்த ஐவரும் தம் விளக்கைத் தாமே ஆயத்தம் செய்தார்கள், அண்ணனைக் கூப்பிடவில்லை.

தையலுக்கு ஒரு பாடவேளை இருப்பதுபோல், பழுது பார்ப்பதற்கும் வாரம் ஒரு பாடவேளை தருமாறு அருட்சகோதரிகளை வேண்டுகிறோம். வீட்டுக் கரண்டில் கை வைக்க வேண்டாம். டைனமோவும் சிறு பேட்டரியும் போதும். பெற்றோர் பரணிலுள்ள பழைய டைனமோக்களைக் கொடுத்து உதவட்டும். திருப்புளிகளை நாங்களே கொண்டு வருகிறோம்.