திருவிழாக் கடைவீதியில் கைவேலைக்காரருக்கு இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரைப் பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவதைக் காண மதுரையில் லட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தை நம்பி வீதியோரங்களில் முளைக்கும் கடைகளில் வளையல் உண்டு, பலூன் உண்டு, ‘சுங்குடிச் சட்டை’ என்று கூவி விற்கும் துணியும் உண்டு. இப்படி விற்கப்படும் பல சட்டைகளைத் திருப்பிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். மேற்புறம் புள்ளிகள் பளிச்சென்று இருக்கும். உட்புறம் வெளிறிக் கிடக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும். பருத்தி நூலாக இருந்தால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்.

உண்மையான சுங்குடி எப்படி உருவாகிறது என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தப் போலியைச் சகிக்க மாட்டார்கள். துணியை விரல் நுனியால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். பிறகு சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சுகளைப் பிரிக்க வேண்டும். நூல் இறுகியிருந்த இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரைப் பொய்யாகச் சூட்டி விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. திருவிழாக் கடைவீதியில் அதை நினைவூட்ட ஆளில்லை.

சுங்குடிக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல இது. கடுக்காயில் ஊறிய துணியில், இரும்பும் வெல்லமும் புளித்த கறுப்பு மையால் கோடிழுத்து வரையும் கருப்பூர்க் கலம்காரிக் கலைஞர்கள் இருக்கிறார்கள். தேரில் தொங்கவிடும் தொம்பையும் கோயிலுக்குக் குடையும் செய்து வளர்ந்த கலை அது. திருவிழாவின் உடம்பிலிருந்தே பிறந்தது என்று சொல்லலாம். அவுரி நீலத்தில் தோய்த்த கைத்தறித் துணியில் சட்டை தைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பருத்திக் கந்தலை அரைத்துச் செய்த கைக்காகிதத்தில், நீரில் கரையும் மையால், ஒவ்வொன்றாக ஸ்கிரீன் போட்டுச் சுவரொட்டி அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஊருக்குள் கடை கிடையாது. கடை வைக்கும் முதலும் கிடையாது. வெளிச்சமும் கூட்டமும் உள்ள திறந்தவெளி விழாக்கள்தாம் இவர்களுக்குச் சந்தை.

அந்தச் சந்தையின் வாசல் ஏலத்தில் அடைபடுகிறது.

பல ஊர்களில் நடைமுறை இதுதான். விழா நாட்களில் தற்காலிகக் கடைகளிடம் வாடகை வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி அமைப்போ கோயில் நிர்வாகமோ மொத்தமாக ஏலம் விடுகிறது. அதிகத் தொகை கேட்டவர் குத்தகைதாரர் ஆகிறார். கட்டிய பணத்தை இலாபத்தோடு எடுக்க வேண்டியவர் அவர். யார் அதிகம் தருகிறாரோ அவருக்கே நல்ல இடம். ரசீதில் ஒரு தொகை, கையில் வாங்குவது வேறு தொகை என்ற புகார் ஊருக்கு ஊர் எழுவதும் புதிதல்ல. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். 800 ரூபாய்ச் சட்டை ஒன்றில் துணி, சாயம், தையல், கூலி போக 200 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் வாடகை 2,000 ரூபாய் என்றால் முதல் பத்துச் சட்டை வாடகைக்கே போய்விடும். மூட்டை மூட்டையாகப் பாலியெஸ்டர் இறக்குபவருக்கு இந்த வாடகை ஒரு பொருட்டல்ல. ஒரு விழாவுக்கென்று மாதக்கணக்கில் முடிச்சுப் போட்டு நாற்பது, ஐம்பது சட்டை சேர்த்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

துணிந்து வந்து ஓரமாக விரிப்பவருக்கோ துரத்தல்தான். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகாத சரக்கை, உரியவர் கேட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் மனத்தில் வைத்திருப்பது தினமும் ஒரே ஊரில் விற்பவரை. கணக்கெடுப்பும் சான்றிதழும் அந்தந்த ஊருக்கு. சுங்குடி செய்யும் சின்னாளப்பட்டியிலிருந்தோ கருப்பூரிலிருந்தோ பத்து நாள் விழாவுக்கு வந்துபோகிறவர் எந்த ஊர்ப் பட்டியலிலும் வருவதில்லை. இரண்டு வேலை நாள் கழித்துச் சட்டை மூட்டை திரும்பி வரும்போது, நடுவில் ஒரு ஞாயிறும் வந்துவிட்டால், விழாவின் சூடான நாட்கள் முடிந்திருக்கும். கைக்காகிதச் சுவரொட்டி பறிமுதல் லாரியில் கசங்கிவிட்டால் அதை நீட்டி நிமிர்த்தி விற்க முடியாது.

ஜிஎஸ்டி விஷயத்திலோ அமைப்பாளர்களின் அறியாமைதான் சிக்கல். வெளிமாநில விழாவுக்குக் கைவினைப் பொருள் கொண்டுபோய் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாதவரை, பதிவு கட்டாயமில்லை என்று மத்திய அரசே அறிவித்திருக்கிறது. பான் எண்ணும் இ-வே பில்லும் இருந்தால் போதும். இது தெரியாமல், ஜிஎஸ்டி எண் இல்லாத விண்ணப்பத்தை அப்படியே ஒதுக்கிவைக்கும் அமைப்பாளர்கள் கைவினைக்காரர்களுக்குச் செய்வது அநியாயம்.

இன்னொரு கொடுமை, ‘இயற்கைக்கு உகந்தது’ என்ற சொல். நகரத்து விழா அரங்குகளில் பச்சை இலைப் படம் ஒட்டிய டிஷர்ட்டுகள் குவிகின்றன. அவற்றில் கணிசமானவை பிளாஸ்டிசால் மையால் அச்சடித்தவை. அந்த மையின் அடிப்படையே பிவிசி. சாயக் கழிவு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்குப் பிறகு, 2011 ஜனவரியில், சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது திருப்பூரே உறைந்து நின்றது. அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்று, குறைந்த அளவில், மூலிகைச் சாயத்தில் வேலை செய்பவர்களின் சொல்லைத் திருடி ஒட்டிக்கொள்வது ஏமாற்று வேலை. ஆதாரமில்லாமல் ‘பசுமை’ என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அரங்கு ஒதுக்கும் எந்த அமைப்பாளராவது அதை எடுத்துக்காட்டி, “சாயம் எது, மை எது?” என்று கடைக்காரரிடம் கேட்டால் பாதிப் போலி அன்றே கழன்றுவிடும்.

2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பர் முதல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் என்று தமிழ்நாடு அரசு செய்துவருவது பாராட்டத்தக்கது. அதே அரசின் ஆதரவில் நடக்கும் விழாக்களில்கூட நுழைவாயில் வளைவு பிவிசி ஃபிளெக்ஸில் நிற்பதும், துணியில் கையால் எழுதித் தரக்கூடியவர் வெளியே நிற்பதும் பொருந்தவில்லை.

ஏலத்தை ஒழித்துவிட்டால் துப்புரவுக்கும் தண்ணீருக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏலத்தை முழுக்க ஒழிக்க வேண்டியதில்லை. கடை இடங்களில் ஒரு பகுதியை ஏலத்துக்கு வெளியே நிறுத்தினால் போதும். டெல்லியில் 1994-இல் தொடங்கிய டில்லி ஹாட் இதற்கு முன்மாதிரி. அங்கே கைவினைஞர்களுக்குச் சுழற்சி முறையில் பதினைந்து நாள் வரை அரங்கு கொடுக்கிறார்கள். இடைத்தரகர் இல்லாமல் செய்தவரே விற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். டெல்லிக்கு முடிந்தது மதுரைக்கும் கும்பகோணத்துக்கும் முடியாதா?

எனவே மாவட்ட நிர்வாகங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இந்து சமய அறநிலையத் துறைக்கும் தங்கள் இதழ் வழியாக வைக்கும் கோரிக்கை இது. பெரிய விழா ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு கடை இடத்தையாவது, தாமே செய்து தாமே விற்பவர்களுக்கு நேரடியாக, அறிவிப்புப் பலகையில் எழுதிய வாடகைக்கு ஒதுக்குங்கள். கைவினைஞர் அடையாள அட்டையோ நெசவாளர் அட்டையோ இருந்தால் வேறு சான்று கேட்காதீர்கள். இல்லாதவர் கடையிலேயே ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு தாள் அச்சிட்டுக் காட்டட்டும். அடுத்த சித்திரைக்கான ஏல அறிவிப்பு வெளிவரும் முன்பே இந்த ஒதுக்கீடு அதில் எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், மதுரை