ஜாங்கிரி எழுத்தும் பங்காளிச் சண்டையும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் நிரம்பி வழிவது பழைய செய்தி. சமீப வருடங்களில் அந்தக் கூட்டத்தில் கணிசமான பேர் ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறார்கள் என்பதுதான் புதுசு. கூட்டம் வந்தால் கடை வரும், கடை வந்தால் பலகை வரும். சாப்பாட்டுக் கடை, தங்கும் விடுதி, பூஜை சாமான் கடை என்று எங்கு பார்த்தாலும் தெலுங்குப் பலகைகள். உடனே கூச்சல் கிளம்பிவிட்டது. "என்ன எழுத்துய்யா இது, ஜாங்கிரியைப் பிழிஞ்சு வச்ச மாதிரி! நம்ம ஊர்ல நமக்கே ஒண்ணும் புரியல."

புரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் என்ன புரியவில்லை? எழுத்தா, மொழியா? இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நடக்கிற சண்டை இது.

எழுத்தை வைத்து மொழியை எடை போட்டால் எங்கே போய் நிற்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். தெலுங்கு எழுத்தைப் போலவே வட்டம் வட்டமாக இருக்கும் இன்னொரு எழுத்து பர்மிய எழுத்து. இரண்டுக்கும் மூதாதை பிராமிதான். தென்னிந்திய வழியாகக் கடல் தாண்டிப் போனது பர்மியம். அப்படியானால் தெலுங்கும் பர்மியமும் சொந்தமா? துளிகூடக் கிடையாது. பர்மியம் திபெத்திய மொழிகளின் உறவு. ஒரே அசையைக் குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். பர்மியத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், நம் தமிழைப் போலவே. அதற்காகத் தமிழுக்கு அது தம்பியாகிவிடாது. 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டுத் திரும்பி வந்த தமிழர்களைக் கேட்டால் தெரியும். (சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிடப் போகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.)

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். செர்பியன், குரோஷியன் என்று இரண்டு பெயர்கள். செர்பியர்கள் சிரிலிக் எழுத்திலும் லத்தீன் எழுத்திலும் எழுதுவார்கள். குரோஷியர்கள் லத்தீன் எழுத்தில் மட்டும். பேசினால் ஒருவருக்கொருவர் தாராளமாகப் புரியும். யுகோஸ்லாவியா உடைவதற்கு முன் ஒரே மொழி என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. 1991-க்குப் பிறகு நாட்டுக்கொரு மொழியாக செர்பியன், குரோஷியன், போஸ்னியன், மாண்டினீக்ரன் என்று நான்கு! 2013-ல் குரோஷியாவின் வுகோவர் நகரத்தில் அரசு அலுவலக வாசலில் சிரிலிக் எழுத்திலும் பலகை மாட்டினார்கள். ஜனங்கள் சுத்தியல் எடுத்து வந்து உடைத்தார்கள். 1991-ல் அந்த ஊர் முற்றுகையில் சின்னாபின்னமான ஊர், அந்த வலி பொய்யில்லை. ஆனாலும் அவர்கள் உடைத்தது தங்களுக்கு வாய்விட்டுப் படித்தால் புரிகிற மொழியைத்தான்.

ஆக, ஒரே மாதிரி எழுத்து இருந்தும் ஒட்டுறவு இல்லாத மொழிகள் உண்டு. எழுத்து வேறாக இருந்தும் ஒன்றேயான மொழிகள் உண்டு. தமிழும் தெலுங்கும் இதில் எந்தப் பக்கம்?

கிரிவலப் பாதையில் ஒரு தெலுங்குப் பாட்டி பேரனிடம் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும். கன்னு, முக்கு, செவி, காலு, பாலு, ஊரு, பேரு. இதற்கு அகராதி வேண்டுமா? வீட்டுக்கு அவர்கள் சொல்வது இல்லு, நம் 'இல்'. மலைக்குக் கொண்டா, நம் 'குன்று'. தேளுக்குத் தேலு, பாம்புக்குப் பாமு.

இதெல்லாம் தற்செயலாக ஒத்துப் போவது, கடன் வாங்கியது என்று தள்ளிவிட முடியாது. ஒத்துப் போகாத இடத்தில்தான் உண்மையான சாட்சி இருக்கிறது. நம் 'ஏழு' அங்கே ஏடு. நம் 'கோழி' அங்கே கோடி. நம் 'கூழ்' அங்கே கூடு, சோற்றுக்குப் பெயர். அதாவது நாம் பெருமையடித்துக் கொள்ளும் 'ழ' இருக்கும் இடத்தில் அவர்களுக்கு 'ட', ஒரு ஒழுங்கோடு. இன்னொன்று, முதலில் நிற்கும் உயிரெழுத்து பின்னால் நகர்ந்துவிடும். உரல் என்பது ரோலு. அவன் என்பது வாடு, இவன் என்பது வீடு. (தெலுங்குக்காரர் 'வீடு' என்றால் தமிழன் கட்டடத்தைத் தேடுவான். அவரோ பக்கத்தில் நிற்கும் ஆளைச் சொல்கிறார்.) நாம் மட்டும் என்ன? 'இரண்டு' என்று எழுதி 'ரெண்டு' என்றுதானே பேசுகிறோம்? தெலுங்கில் எழுத்திலேயே ரெண்டு.

இதைக் கண்டுபிடித்து 200 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெலுங்கு சமஸ்கிருதத்தின் பிள்ளை என்று எல்லாரும் சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், பட்டாபிராம சாஸ்திரி திரட்டிய தெலுங்கு வேர்ச்சொற்களைத் தமிழ், கன்னட வேர்களோடு வரிசையாக வைத்துக் காட்டினார். 1816-ல் அச்சான காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு முன்னுரையாக அது வந்தது. கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது அதற்கு 40 வருடம் கழித்து, 1856-ல். கால்டுவெல்லுக்கு மெரினாவில் சிலை. எல்லிஸ் பெயரைச் சொன்னால் மவுண்ட் ரோடு பக்கத்துத் தெருவைத்தான் காட்டுவார்கள்.

இங்கே இன்னொரு கோஷ்டியையும் கவனிக்க வேண்டும். இவர்கள் தெலுங்கை வெறுப்பவர்கள் இல்லை. "அதுவும் தமிழ்தான், தமிழிலிருந்து பிறந்ததுதான்" என்று அணைத்துக் கொள்பவர்கள். அணைப்பா இது? 2025 மே மாதம் கமல்ஹாசன் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று மேடையில் பேசினார். ஜூன் 5 அன்று 'தக் லைஃப்' கர்நாடகத்தில் மட்டும் திரைக்கு வரவில்லை. கன்னடர்கள் கோபித்துக் கொண்டதை விடுங்கள், சொன்ன விஷயமே தப்பு. தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரு பழைய மொழியிலிருந்து பிரிந்தவை. நம்மிடம் பழைய நூல்கள் மிஞ்சியிருக்கின்றன. மூத்த அக்கா வீட்டில் பழைய பாத்திரம் அதிகம் இருக்கும்தான், அதனால் அக்கா அம்மாவாகிவிட முடியாது.

சரி, 'அருணாசலம்' பிரச்சினை. தெலுங்குக்காரர்கள் ஊர்ப் பெயரையே மாற்றுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அருணாசலம் தெலுங்கே இல்லை, சமஸ்கிருதம். அதைத் தமிழில் நூற்றாண்டுகளாகப் புழங்கியவர்கள் நாம்தான். எல்லப்ப நாவலர் தமிழில் எழுதிய தலபுராணத்துக்கே அருணாசல புராணம் என்றுதான் பெயர். ரமணரின் அட்சரமணமாலையும் அருணாசலத்தின் மேல்தான், தமிழில்தான். அதே ரமணர் 1927-ல் தமிழில் செய்த உபதேச உந்தியாரைத் தானே தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் ஆக்கிக் கொடுத்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பையன் இந்த மலையில் உட்கார்ந்து தெலுங்கு கற்றுக் கொண்டான், யாரும் தடுக்கவில்லை.

அதற்காக, தேவாரம் பாடிய அண்ணாமலை என்ற பெயர் பேருந்திலோ பலகையிலோ ஓரம் கட்டப்பட்டால் சும்மா இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதை அமல்படுத்தச் சொல்லுங்கள், தாராளமாக. தமிழே இல்லாமல் தெலுங்கு மட்டும் எழுதி வைக்கும் கடைக்காரர் (பல சமயம் அவர் தமிழர்தான், வியாபாரம் பண்ணுகிறார்) கண்டிக்கப்பட வேண்டியவர். ஆனால் தமிழுக்குக் கீழே இரண்டாவது வரியாக இருக்கும் தெலுங்கைப் பார்த்து ஏன் எரிகிறது?

"இவனுங்க எப்ப வந்தானுங்க இங்கே?" என்று கேட்பவர்கள் அந்தக் கேள்வியை ராஜகோபுரத்தடியில் நின்று கேட்கிறார்கள். 217 அடி, 11 நிலை. தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர், முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். அந்த ராயர் தெலுங்கில் எழுதிய காவியம் ஆமுக்தமால்யதா. கதாநாயகி நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் பாடப் புத்தகத்தில் ஷேக்ஸ்பியர் உண்டு, மாப்பசான் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஆண்டாளைப் பற்றி எழுதியது இல்லை.

இந்த விஷயத்தில் படித்தவர்களைவிட ஆட்டோ ஸ்டாண்டு தேவலாம். பூக்காரம்மாவும் ஆட்டோக்காரரும் "ரண்டி, ரண்டி" என்று கூப்பிட்டு, விலை சொல்லி, வழி சொல்லி, தெலுங்கைப் பிடித்துக் கொண்டுவிட்டார்கள். யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. 'ழ'வை 'ட'வாக்கினால் பாதி வேலை முடிந்தது என்று அவர்களுக்கு எல்லிஸ் சொல்லவும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க இரண்டு வாரம் போதும். க, ச, ட, த, ப என்று நமக்குத் தெரிந்த அதே வரிசை, நடுவில் சில எழுத்துகள் கூடுதல், அவ்வளவுதான். அடுத்த பௌர்ணமிக்குள் படித்துவிட்டு அந்த ஜாங்கிரிப் பலகையை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பலகையில் இருப்பது பெரும்பாலும் பாலு, நீள்ளு, கதி, போஜனம்தான்.