பிள்ளைகள் சாவதும் தலையெழுத்தா?

பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் எங்காவது ஒரு பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வருவது, நம் நாட்டில் வருஷாந்தரச் சடங்கு போலாகிவிட்டது. "அதன் தலையெழுத்து" என்கிறார்கள் பெரியவர்கள். எழுதினவன் யார் என்று கேட்கிறோம். 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் இவ்விதம் மாண்டார்கள் என்று சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. இத்தனை இளந்தலைகளிலும் ஒரே எழுத்தை எழுதுவதுதான் கடவுளின் கருணையா?

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 மார்க்கு வாங்கியவர். நீட் பரீட்சை மருத்துவப் படிப்பின் கதவைச் சாத்திற்று. 2017 செப்டம்பர் 1-ந் தேதி மாண்டார். நாடே அழுதது. அநீதியான பரீட்சையை எதிர்ப்பது ஒரு வேலை. மனமுடைந்த பிள்ளைக்கு அன்றைக்கே துணை நிற்பது மற்றொரு வேலை. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கலாகாது.

நெய்வேலித் தோழர்களே! உங்கள் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இராப்பகலாகப் பம்பு வைத்து இறைக்காவிட்டால் தரை பிளந்துவிடும். அங்கே தலையெழுத்தென்று யாராவது சும்மா இருக்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பிள்ளையின் மனதில் அழுத்தம் ஏறினால் மட்டும் பேனாவைத் தூக்கிக்கொண்டு திருவந்திபுரம் ஹயக்ரீவரிடம் ஓடுவானேன்? மந்திரித்துக் கயிறு கட்டுவானேன்?

"சாக நினைக்கிறாயா என்று கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும்" என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும். ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வை அறியவும், வாடிய தோழனுக்கு உதவவும் சில மணி நேரம் கற்பித்த பள்ளிகளில் தற்கொலை முயற்சி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பாதிப் பிள்ளைகளைக் காத்தது பூஜையா, பாடமா?

100 பிள்ளைகளுக்குக் குறையாத பள்ளிகளில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவர் வேண்டும். மார்க்கைக் காட்டிப் பிள்ளையை அவமானப்படுத்தலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. உத்தரவு ஏட்டுச் சுரைக்காயாகக் கிடக்கலாமா? ஆகவே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "எங்கள் பள்ளியின் ஆலோசகர் எங்கே?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள். அதுவரை 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் மார்க்கைக் கேட்காதீர்கள், மனதைக் கேளுங்கள். தோற்ற பரீட்சையை மறுபடி எழுதலாம். போன உயிரை எந்தச் சாமியும் திருப்பித் தராது.