தாய்க்கோழியை ஒளித்து வைக்காதீர்கள்!

உங்கள் வீட்டில் கோழி அடை வைத்திருக்கிறீர்களா? 21-ஆம் நாள் குஞ்சுகள் முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவருவதைக் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் அந்த மகிழ்ச்சி சில வேளைகளில் ஒரு வாரம்கூட நீடிப்பதில்லை. ஒரு குஞ்சைப் பருந்து தூக்குகிறது. இன்னொன்றைக் காக்கை கவ்வுகிறது. இவை போதாவென்று, அதே முற்றத்தில் மேயும் பெரிய கோழி ஒன்று ஒரு குஞ்சின் மண்டையில் கொத்திவிடுகிறது.

"எவ்வளவு பொல்லாத கோழி!" என்று திட்டுகிறோம். பிறகு தாயையும் குஞ்சுகளையும் மற்றக் கோழிகளின் கண்ணில் படாமல் ஓர் அறையில் அடைத்து, இரண்டு மாதம் கழித்துத் திறந்து விடுகிறோம். அன்றைக்குத்தான் பெரிய சண்டையே தொடங்குகிறது!

இப்படி ஒளித்து வைப்பது தவறு என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போமா?

கோழிக்கூட்டத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. இதை முதன்முதலில் விளக்கமாக எழுதியவர் நார்வே நாட்டு விஞ்ஞானி தோர்லெய்ஃப் ஷெல்டரூப்-எப்பே. உங்களைவிடச் சிறியவராக இருந்தபோதே கோழிகளைக் கவனிக்கத் தொடங்கியவர் அவர். எந்தக் கோழி எதைக் கொத்துகிறது, எது பதிலுக்குக் கொத்தாமல் விலகுகிறது என்று கவனித்து, 1922-இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வெளியிட்டார். இந்த ஒழுங்கையே 'கொத்தும் வரிசை' என்கிறோம். ஒரு முறை வரிசை அமைந்துவிட்டால் பிறகு சண்டை குறைந்துவிடும். கீழே உள்ளது மேலே உள்ளதைக் கண்டதும் ஒதுங்கிக் கொள்ளும்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். முற்றத்தில் 6 கோழிகள் இருந்தால் எத்தனை ஜோடிகள்? 15. ஒவ்வொரு ஜோடியிலும் யார் பெரியவர் என்பது முடிவாகியிருக்கிறது. ஏழாவதாக ஒரு புதிய கோழி வந்தால், ஆறு பேரோடும் அது தனித்தனியே முடிவு கட்ட வேண்டும். பழகிய கோழிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பழக்கம் நினைவைப் பொறுத்தது. கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகத் தலையையும் கொண்டையையும் கொண்டே அடையாளம் காண்கின்றன. சில வாரங்கள் பார்க்காவிட்டால் அந்த நினைவு மங்கிவிடுகிறது. அடைகாக்கும் காலத்திலோ கோழியின் கொண்டை சுருங்கி வெளிறிப் போகிறது. ஆக, அடைத்து வைத்த கோழி திரும்பி வரும்போது தன் சொந்தக் கூட்டத்துக்கே அந்நியமாகிவிடுகிறது!

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வரிசையில் கடைசியில் இருந்த கோழிகூடக் குஞ்சு பொரித்ததும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நாயையே விரட்டும். மற்றக் கோழிகள் அதற்கு வழிவிடுகின்றன. தாயின் காலடியில் மேயும் குஞ்சுகள், யாரிடம் ஒதுங்க வேண்டும் என்பதை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கின்றன. ஆனால் இந்தப் பாதுகாப்பு நிலையானதல்ல. பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் தாய் மறுபடி முட்டையிடத் தயாராகி, தன் குஞ்சுகளைத் தானே கொத்தி விரட்டத் தொடங்கும். நாம் இரண்டு மாதம் கழித்து அறையைத் திறக்கிறோம் அல்லவா? தாயின் காவல் முடியும் அதே வேளையில் குஞ்சுகளை அந்நியர் நடுவே தள்ளுகிறோம்!

"பண்ணைகளில் தாயே இல்லாமல் விளக்கின் வெப்பத்தில் வளர்க்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கே எல்லாம் ஒரே வயதுக் குஞ்சுகள். போய்ச் சேர வேண்டிய பெரிய கோழிக்கூட்டம் எதுவும் இல்லை. அந்த முறை நம் முற்றத்துக்குப் பொருந்தாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? நம் கிராமத்துப் பஞ்சாரமே போதும். குஞ்சு வெளியேற முடியாதபடி நெருக்கமாகப் பின்னிய பஞ்சாரத்தில் தாயையும் குஞ்சுகளையும் மூடி, மற்றக் கோழிகள் மேயும் இடத்திலேயே நிழலில் வையுங்கள். அவை பார்க்கட்டும், கொத்த முடியாது. ஒரு வாரத்துக்குப் பின் மாலையில் ஒரு மணி நேரம், நீங்கள் அருகில் இருந்துகொண்டு திறந்து விடுங்கள். நாளாக ஆக நேரத்தைக் கூட்டுங்கள். தீனியை ஒரே இடத்தில் போடாமல் மூன்று நான்கு இடங்களில் தூவுங்கள். பஞ்சாரத்தின் ஓரத்தைச் செங்கல் வைத்துச் சற்றே உயர்த்தி, உள்ளே நொய்யைப் போட்டால் குஞ்சுகள் மட்டும் நுழைந்து தின்னும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சோர்ந்து நிற்கும் நோய்க்குஞ்சைத் தனியே பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

பாட்டி செய்தார் என்பதற்காகப் பஞ்சாரத்தை அப்படியே ஏற்கவும் வேண்டாம். பழையது என்று ஒதுக்கவும் வேண்டாம். கோழிகளின் கால்களில் வெவ்வேறு நிறத் துணியைத் தளர்வாகக் கட்டுங்கள். யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். தாய்க்கோழி திரும்பிய நாளுக்கு முன்பும் பின்பும் கொத்துகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நான் சொன்னது சரியா தவறா என்பதை உங்கள் நோட்டே சொல்லிவிடும்.

கோழி பொல்லாதது என்று திட்டுவதற்கு அறிவு தேவையில்லை. ஏன் கொத்துகிறது என்று கேட்டால், அடுத்த ஈட்டில் இரண்டு குஞ்சுகளாவது கூடுதலாகப் பிழைக்குமே!