படித்தறியாத் தாளிற் கையொப்பமிடற்க!

சாலையில் ஒரு நொடியில் நேரும் ஏதம் ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பைத் தலைகீழாக்கி விடுகின்றது. உடம்பிற் பட்ட புண்ணை மருத்துவர் ஆற்றுகின்றார். வருவாயிற் பட்ட புண்ணை ஆற்றுதற்குச் சட்டம் ஒரு வழி வகுத்திருக்கின்றது. அதற்குப் பெயர் இழப்பீடு. ஆனால், அவ் வழியில் அடியெடுத்து வைத்த முதல் நாளிலேயே நம் மக்களுள் பலர் இரண்டாம் முறையும் அடிபடுகின்றனர். முதன்முறை அடித்தது ஊர்தி. இரண்டாம் முறை அடிப்பது, தாம் படித்தறியாத தாளில் தாமே இட்ட கையொப்பம். அவ் விரண்டாம் அடியைத் தடுப்பது எவ்வாறு என்பதே இக் கட்டுரையின் பொருள்.

முதலில் ஓர் உண்மையை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். இழப்பீடு என்பது எவரும் இரங்கி இடும் ஈகையன்று, உரிமை. சாலையில் ஓடும் ஒவ்வோர் ஊர்திக்கும் மூன்றாமவர் காப்பீடு இருந்தே தீர வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் இயங்கூர்திச் சட்டம் ஆணையிடுகின்றது. அடிபட்டவருக்குத் தருதற்கென்றே அக் காப்பீடு ஏற்பட்டது. ஏதம் நேர்ந்த இடத்தில் மட்டுமன்றி, அடிபட்டவர் வாழும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் முறையிடலாம் என்று அச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு கூறுகின்றது. கோவையில் அடிபட்ட கோவிற்பட்டிக்காரர் ஒவ்வொரு தவணைக்கும் கோவைக்கு அலைய வேண்டுவதில்லை.

இன்னும் ஒன்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், காவல்துறை தீர்ப்பாயத்திற்கு அனுப்பும் ஏத அறிக்கையையே இழப்பீட்டு முறையீடாகத் தீர்ப்பாயம் கொள்ளுதல் வேண்டும். 2022-இல் வந்த விதிகளின்படி, அடிபட்டார்க்குரிய உரிமைகளை விளக்கும் படிவத்தை உசாவல் அலுவலர் பத்து நாளுக்குள் அவரிடமோ அவர்தம் உறவினரிடமோ தருதல் வேண்டும். இதை எத்துணைப் பேர் கேட்டுப் பெறுகின்றனர்? மருத்துவமனைக் கட்டிலருகில் அப் படிவம் வருமுன்னே தரகர் வந்து விடுகின்றார்!

அவ்வாறாயின் வழக்கறிஞரே வேண்டாவோ என்று சிலர் வினவலாம். வேண்டும், நல்ல வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும். ஏனெனில், உரிமை உண்டு என்பது எளிதில் விளங்கும். அவ் வுரிமையின் அளவு எவ்வளவு என்பது மெய்ப்பித்தாலன்றி விளங்காது. 2010-இல் ஒரு வழக்கில் உச்ச முறைமன்றம் இதனைத் தெளிவாக விளக்கியது. ஒரு கையை இழந்தவர் எழுத்தராயின், அவர் தம் பணியைத் தொடர்தல் கூடும். அதே கையை இழந்தவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருப்பின், அவர் தம் பிழைப்பு முழுவதையுமே இழந்தவராவார். மருத்துவர் எழுதித் தரும் உறுப்பிழப்பு விழுக்காடு வேறு. அவ் வுறுப்பிழப்பால் நேரும் வருவாயிழப்பு விழுக்காடு வேறு. இவ் வேறுபாட்டைச் சான்று காட்டி நிறுவுதலே வழக்கறிஞர் தொழில்.

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். 2009-இல் உச்ச முறைமன்றம் வகுத்த பட்டியலின்படி, 36 முதல் 40 வரை அகவையுள்ளார்க்குப் பெருக்கெண் 15. முப்பத்தெட்டு அகவைத் தச்சர் ஒருவர் திங்களுக்கு 15,000 உரூபா ஈட்டியவர் என்றும், அவர்தம் வருவாயிழப்பு நூற்றுக்கு நூறு என்றும் மெய்ப்பிக்கப்பட்டால், ஆண்டு வருவாய் 1,80,000-ஐப் பதினைந்தாற் பெருக்க 27,00,000 உரூபா ஆகின்றது. அவரையே வெறுங் கூலியாள் என்று எழுதித் திங்கள் வருவாயை 9,000 என்று குறித்து, மருத்துவர் தந்த 40 விழுக்காட்டையே வருவாயிழப்பாகவும் காட்டிவிட்டால், 6,48,000 உரூபா மட்டுமே எஞ்சும். வருவாய் உயர்வுக்கென்று கூட்டுவதும், மருத்துவச் செலவும், வலிக்கும் துன்பத்திற்கும் உரியதும் இவற்றின் வேறானவை. ஒரே ஆள், ஒரே கை, ஒரே ஏதம். தாளில் எழுதிய இரண்டொரு சொல்லால் நேர்ந்த வேறுபாடு இருபது நூறாயிரத்திற்கு மேல்!

இது வெறுங் கற்பனைக் கணக்கன்று. எம்மிடம் பயின்ற தச்சுத் தொழிலாளி ஒருவன், ஈருருளியிற் செல்லுங்கால் மகிழுந்து மோதி வலக்கை நசுங்கிக் கிடந்தான். மயக்கம் தெளியாத நிலையிலேயே ஒருவர் வந்து ஏழெட்டு வெற்றுத் தாள்களிற் கையொப்பம் வாங்கிச் சென்றிருக்கின்றார். வலக்கை எழாமையால் இடக்கைப் பெருவிரலை அழுத்தியிருக்கின்றார். பின்னர் அவன் முறையீட்டின் படியைக் கொணர்ந்து எம்மிடம் காட்டினான். ஆங்கிலத்தில் இருந்தது. தொழில் என்னும் இடத்தில் ‘கூலி’ என்று பொறித்திருந்தது. படித்துச் சொன்னவுடன் அவன் கேட்டது ஒரே கேள்வி: “ஐயா, என் உளியும் இழைப்புளியும் எங்கே போயின?”

நம் தமிழ்ச் சொல்லாகிய கூலி என்பதையே ஆங்கிலேயன் எடுத்துச் சென்று, உழைப்பவனை இழித்துரைக்கும் சொல்லாக்கித் திருப்பித் தந்தான். அச் சொல்லே இன்று நம் தச்சனின் கைத்திறனையும் விழுங்கப் பார்த்தது. நல்வாய்ப்பாக, வேறொரு வழக்கறிஞர் திருத்த முறையீடு செய்து, அவனுக்கு வேலை தந்தாரைச் சான்றாக்கி அவன் தொழிலை மீட்டார். ஆயினும், அந்த ஆங்கிலத் தாளைப் படித்துச் சொல்ல எவரும் வாய்க்காதார் நிலை என்னாவது?

இனிக் கூலியைப் பற்றிய செய்தியினின்று பங்கைப் பற்றிய செய்திக்கு வருவோம். “முன்பணம் ஒன்றும் வேண்டா, வருவதில் நூற்றுக்கு இவ்வளவு தந்தாற் போதும்” என்று பேசுவது பல விடங்களில் வழக்கமாய் விட்டது. கேட்பவர்க்கு இனிக்கின்றது. ஆனால், அது முறையற்றது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுதலும், வரும் தொகையிற் பங்கு கொள்ளுதலும் கூடா என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. 1954-ஆம் ஆண்டிலேயே உச்ச முறைமன்றம் இத்தகைய உடன்பாட்டை வழக்கறிஞர்க்கு ஒவ்வாத நடத்தை என்று கண்டித்தது. சாலை ஏதத்திற் கணவனை இழந்த தெலங்கானாப் பெண்ணொருவரிடம், இழப்பீட்டுத் தொகையில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் கணக்கிட்டுக் காசோலையும் பெற்று, அது திரும்பியதும் அவர்மீதே வழக்குத் தொடுத்த ஒரு வழக்கறிஞரின் செயலை, 2017-இல் அதே மன்றம் மீண்டும் கண்டித்து, அவ் வழக்கையும் நீக்கியது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வழக்கிற் பங்காளியாகிவிட்ட வழக்கறிஞர், கட்சிக்காரர்க்கு எது நன்று என்று பாரார். தம் பங்கு எப்பொழுது கைக்கு வரும் என்றே பார்ப்பார். இரண்டாண்டு பொறுத்தால் இருபது வரும் என்னும் வழக்கை, இன்றே எட்டுக்கு முடித்துவிடத் துணிவார். காலை இழந்தவன் கால். அதற்குரிய விலையிற் பங்கு இன்னொருவர்க்கா? உழைப்பிற்கேற்ற கட்டணம் வாங்குதல் வழக்கறிஞரின் உரிமை. அதை மனமுவந்து தருதல் நம் கடமை. புண்ணிற் பங்கு கேட்பது வேறு.

தரகர்க்கும் இதே நிலைதான். வழக்கறிஞர் தாமாகவோ தரகர் வழியாகவோ வழக்குத் தேடி அலைதல் கூடாது என்று விதி இருக்கின்றது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், அறிவிக்கப்பட்ட பட்டியலிற் பெயர் இருக்கும்பொழுதே தரகு செய்வார்க்கு மூன்று திங்கள் வரை சிறையோ, 500 உரூபா வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. ஐந்நூறு உரூபாத் தண்டம் ஒரு நாள் தரகுக் காசுக்கும் ஈடாகாது! ஆகலின், சட்டம் வந்து தரகரைத் தடுக்கும் என்று காத்திராமல், நாமே அவரை வாயிலில் நிறுத்துதல் வேண்டும்.

இத் தீங்குகளுக்கெல்லாம் அடியில் கிடப்பது மொழிச் சிக்கல். முறைமன்றப் படிகளில் நம் மக்கள் கேட்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: வக்கீல், வக்காலத்து, வாய்தா, ஜாமீன். யாவும் அரபு, பாரசீக வழியில் வந்து நவாபுகள் காலத்தில் தங்கிவிட்டவை. அவற்றின்மேல் ஆங்கிலம் ஏறி உட்கார்ந்தது. உழவனும் தச்சனும் அவ் விரு சுவர்களையும் தாண்டித் தம் வழக்கைத் தாமே பார்க்க இயலாதவராயினர். தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. கீழமை மன்றங்களிற் சான்றுரையைத் தமிழிற் பதியவும் தீர்ப்பைத் தமிழில் எழுதவும் 1976-இல் அச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் இருக்கின்றது, கேட்பார் இல்லை. தமிழில் முறையீடு வேண்டும் என்பதை மொழிப்பற்றுக்காக மட்டும் யாம் சொல்லவில்லை. தன் தொழில் ‘தச்சு’ என்று எழுதப்பட்டதா, ‘கூலி’ என்று எழுதப்பட்டதா என்பதை அடிபட்டவன் தன் கண்ணாற் கண்டு கொள்ளும் பொருட்டே சொல்கின்றோம். தமிழில் எழுதிய தாளில் அவனை ஏய்ப்பது அரிது.

“கையிற் காசில்லாத எளியவன் பங்கு பேசாமல் வேறென் செய்வான்?” என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்வியே. அதற்கு விடையும் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்டிர், சிறார், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், உறுப்புக் குறையுடையார், தொழிற்சாலைத் தொழிலாளர், வரம்பிற்குட்பட்ட வருவாயினர் ஆகியோர்க்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தருவது அரசின் கடமை. மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்டந்தோறும் அதன் குழுவும் முறைமன்ற வளாகத்திலேயே இயங்குகின்றன. கணவனை இழந்த பெண்ணுக்கு வருவாய் எவ்வளவு என்று பார்க்க வேண்டுவதே இல்லை. ஆங்கு அமர்த்தப்படுபவர் எல்லாரும் ஒரே திறத்தினர் என்று யாம் கூறவில்லை. ஆனால், பங்கு பேசுதலே ஒரே வழி என்பது பொய் என்கின்றோம்.

அடிபட்டாரும் அவர் வீட்டாரும் கடைப்பிடிக்க வேண்டுவன சில:

ஒன்று, மருத்துவமனையிற் படுத்த நிலையில் எத் தாளிலும் கையொப்பம் இடற்க. வெற்றுத் தாளும் வெற்றுக் காசோலையும் எஞ்ஞான்றும் தரற்க. வழக்கறிஞரை அவர்தம் அலுவலகத்திற்கே சென்று கண்டு, அவர் நடத்திய இத்தகு வழக்குகளைக் கேட்டறிந்து அமர்த்துக.

இரண்டு, கட்டணம் இவ்வளவு என்று தொகையாகப் பேசி, தமிழில் எழுதிப் பெறுக. தரும் ஒவ்வோர் உரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குக.

மூன்று, முறையீட்டின் படியைப் பெற்றுப் பெயர், அகவை, தொழில், வருவாய், புண்ணின் தன்மை ஆகிய ஐந்தையும் ஒருவரைக் கொண்டேனும் படித்தறிக. மருத்துவச் சீட்டுகளின் மூலத்தை நும்மிடமே ஒரு படியெடுத்து வைத்துக் கொள்க. வழக்கறிஞரை மாற்ற விரும்பினால், கட்டண நிலுவையைக் காட்டி அவர் ஆவணங்களை நிறுத்தி வைத்தல் கூடாது என்று 2000-இல் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்திருக்கின்றது.

நான்கு, காலந் தாழ்த்தற்க. ஏதம் நேர்ந்த ஆறு திங்களுக்குள் முறையிட வேண்டும் என்னும் வரம்பு 2022 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்து வழக்குகள் எழுந்தன எனினும், அவற்றை நம்பிக் கிடத்தல் அறிவுடைமை ஆகாது.

ஐந்து, உடன்பாடு என்னும் சொல்லைக் கேட்டவுடன் மயங்கற்க. யார் பிழை என்று ஆராயாமலே கொடுங்காயத்திற்கு 2,50,000 உரூபாவும் இறப்பிற்கு 5,00,000 உரூபாவும் தருதற்கு 164-ஆம் பிரிவு வழி செய்கின்றது. ஆனால், அதனை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவின்படி கேட்ட பெருந்தொகை வழக்கு அற்றுவிடும். மக்கள் மன்றத்தில் இசைந்து முடித்ததன்மேலும் மேன்முறையீடு இல்லை. இசைவது தவறன்று, அறியாமல் இசைவதே தவறு.

ஆறு, தொகை நும் வங்கிக் கணக்கிற்கே நேரே வருமாறு கேளுங்கள். தீர்ப்பாயங்கள் அவ்வாறே ஆணையிடலாம் என 2025-இல் உச்ச முறைமன்றம் வழிகாட்டியுள்ளது.

இறுதியாக, கற்றறிந்த தமிழர்க்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஓர் ஆசிரியரேனும், ஓர் எழுத்தரேனும், ஒரு கல்லூரி மாணவரேனும் உளர். நும் தெருவில் ஒருவர் சாலையில் அடிபட்டார் என்று கேட்டால், பழம் வாங்கிக்கொண்டு நலம் கேட்கப் போகின்றீர்கள் அல்லவா? பழத்தோடு ஒரு மணிநேரமும் கொண்டு செல்லுங்கள். அவர் கட்டிலருகில் இருக்கும் தாள்களை எடுத்து, வரி வரியாக, அவர்க்கு விளங்கும் தமிழிற் படித்துக் காட்டுங்கள். தரகர் அஞ்சுவது சட்டத்தை அன்று. படித்துச் சொல்ல ஒருவர் உடனிருப்பதையே அவர் அஞ்சுகின்றார்.

முறைமன்றத்தில் முழுமையாகத் தமிழ் ஏறும் நாள் வரட்டும், அதற்காகப் போராடுவோம். அதுவரை, நம் தமிழன் ஒருவன் தன்னை விற்கும் தாளில் தானே கையொப்பமிடாதிருக்க, ஒவ்வொரு கட்டிலருகிலும் தமிழ் அமர்ந்திருக்கட்டும்!