முறிந்த பேச்சுக்கால்களும் எமது சிரிப்பும்

ஆசிரியர் ஓய்வறைகளில் அதிகம் சிரிப்பு மூட்டும் விடயம் யாதென வினவின், அரசியல்வாதிகளின் பேச்சன்று, முறிந்துபோன கலியாணப் பேச்சுக்கால்களே எனத் தயங்காது கூறுவோம். முப்பது வயதைக் கடந்தும் “ஒன்றும் சரிவராத” ஆசிரியைகள் நால்வர் கூடினால் நாற்பது கதைகள் பிறக்கும். எம்மிடமும் சில உள. கேட்கும் நல்லுள்ளங்கள், “இதையெல்லாம் பகிடியாக எடுத்துக்கொள்ளுங்கோ, ஒவ்வொன்றும் ஒரு பாடம்” என்று ஆறுதல் கூறுவர். பாடந்தான். யார் கற்கவேண்டிய பாடம் என்பதிலேதான் நாம் அவர்களுடன் முரண்படுகின்றோம்.

எமது யாழ்ப்பாணத்தில் பெண் பார்ப்பது பெரும்பாலும் “தற்செயலாகவே” நடைபெறும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒருவரையொருவர் அறியாதவர்போல எட்டுப் பேர் கோயில் தேர்முட்டியடியில் தற்செயலாக நின்றனர். மாப்பிள்ளையின் பெரியம்மா எம்மை அணுகி, “பிள்ளை, அந்தச் சுவரிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசியும்” என்றார். மூக்குக்கண்ணாடி அணிந்தவளின் பார்வையைச் சோதிக்கும் உபாயம் அது. உபயகாரர் பெயரை வாசித்தோம்; வல்லொற்று மிகவேண்டிய இரண்டு இடங்களில் மிகவில்லை என்பதையும் எடுத்துரைத்தோம். தமிழ் படித்த குற்றம்! “கண் நல்லம், வாய் கூட” என்று தரகர் மூலம் தீர்ப்பு வந்தது.

இக்கதைக்கு வயிறு குலுங்கச் சிரித்த சக ஆசிரியை ஒருவர், ஈற்றில், “இனி இப்பிடியான இடங்களிலை வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ” என்றார். அவர் கண்ட பாடம் அது. சந்தைக்குச் சென்று திரும்பிய மாடு, அடுத்த சந்தைக்குப் பல்லை நன்றாகக் காட்டக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டோ?

சாதகத்தால் முறிந்தவை தனிக் கணக்கு. லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் குற்றம் என்பர். பன்னிரண்டு இடங்களில் ஐந்து! நூற்றுக்கு நாற்பது பேருக்குமேல் பிறக்கும்போதே குற்றவாளிகள் என்று எமது கணித ஆசிரியர் கணக்கிட்டுக் காட்டினார். விதிவிலக்குகள் பலவும் உள. மாப்பிள்ளை பொறியியலாளராகவும் சீதனம் கனமாகவும் அமைந்துவிட்டால் அவை விரைந்து கண்டுபிடிக்கப்படும். “நீங்கள் எவ்விடம்?” என்ற வினாவுக்கோ விதிவிலக்கே இல்லை. அது புவியியல் வினாவன்று என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

பிறிதொரு மாப்பிள்ளை ரொறன்ரோவிலிருந்து கைத்தொலைபேசித் திரையில் தோன்றினார். எமது பெயரைக் கேட்குமுன் வளவு எத்தனை பரப்பு என்றார். வீதி முகப்பு எத்தனை அடி என்றார். கிணற்றையும் காட்டுமாறு கோரவே, தொலைபேசியைக் கிணற்றடிக்கு எடுத்துச் சென்றோம். மாப்பிள்ளையும் கிணறும் சிறிதுநேரம் ஒருவரையொருவர் நோக்கினர். பொருத்தம் அங்கேதான் இருந்தது போலும்!

அவ்வளவில் அவர் அறியாத செய்தியொன்றுண்டு. ஒல்லாந்தர் 1707 இல் சட்டமாக்கிய தேசவழமையும் அதன்மேல் வந்த 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் சீதன வீட்டைப் பெண்ணின் சொத்து என்றே கொள்கின்றன. எனினும், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் அதனை விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. பெயர் அவளது, பேனா அவனது.

காலையில் உயர்தர வகுப்பில் அகத்திணை கற்பித்துவிட்டு மாலையில் இவ்வாறு கிணறு காட்டும் தமிழாசிரியையின் நிலையைச் சற்று எண்ணிப்பாருங்கள். தொல்காப்பியர் காதலர்க்குரிய ஒப்புக்கள் பத்து என்றார். பத்தாவது “திரு”. அதைச் செல்வம் என்றே கொள்வோர் கொள்க. ஆயினும் அது இருவரிடத்தும் ஒத்திருக்கவேண்டும் என்றாரேயன்றி, ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றி எழுதப்படவேண்டும் என்றாரில்லை.

இனி எம்மவரைப் பற்றியும் கூறவேண்டும். பழமைவாதிகளை எள்ளி நகையாடுவது எளிது. மகளிர் தினக் கூட்டமொன்றிலே சீதனத்தை நிலப்பிரபுத்துவத்தின் அழுகிய எச்சம் என முழங்கிய தோழர் ஒருவருடன் எமக்குப் பேச்சுக்கால் வந்தது. இரண்டு மணிநேரம் தேநீர்க்கடையில் உரையாடினோம். உண்மையில் இனிய பொழுது அது. மறு கிழமை தரகர் வந்தார். தோழருக்கு ஒரு சதமும் வேண்டியதில்லையாம். தங்கைக்காக “டொனேஷன்” மட்டும் போதுமாம். தோழரிடமே கேட்டோம். “கொள்கையளவில் நான் எதிர்தான். அம்மாவின்ரை மனதை நோகடிக்கக் கூடாதல்லவா?” என்றார். புரட்சி அம்மாவின் அடுக்களை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது.

இக்கதையை ஓய்வறையில் கூறியபோது பெண்கள் சிரித்தனர். முற்போக்காளரெனப் பெயர்பெற்ற ஆண் ஆசிரியர் இருவர் சிரிக்கவில்லை. ஒருவர் தேநீர்க் கோப்பையுள் எதையோ தேடினார். நமக்கு வேண்டிய நகைச்சுவை இதுவே. காயம்பட்டவள் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளச் சிரிப்பது போதாது. காயப்படுத்தியவன் இருக்கும் சபையில், அவன் கேட்கச் சிரிக்கவேண்டும்.

ஆனால், நாம் முற்றாகச் சிரிக்கவும் இயலாதவராய் இருக்கின்றோம். எமது தம்பிக்கு இவ்வருடம் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. வீட்டில் இப்போது பேச்சுக்கால் அவனுக்கு. டொனேஷன் கேட்கக்கூடாது என்று அம்மாவிடம் கூறினோம். “கேளாமல் விட்டால் உன்ரை தங்கச்சிக்கு எங்கையிருந்து குடுக்கிறது? உனக்குப் பேசின நேரம் எங்களிட்டைக் கேளாமலே விட்டவை?” என்றார். அம்மாவின் கணக்கில் பிழையில்லை. ஒரு வீட்டில் வாங்கியதே மறு வீட்டில் கொடுக்கப்படுகின்றது. சங்கிலியை முதலில் அறுப்பவளின் பிள்ளைதான் வெறுங்கையுடன் நிற்கும். அதனாலேயே, கொடியவர் எவருமின்றியே கொடுமை நடைபெறுகின்றது. தங்கையோ, தனக்காக எவரிடமும் வாங்கவேண்டாம் என்கிறாள். அவளுக்கு வயது இருபத்தாறு. அவளை எவரும் கேட்கவில்லை.

தம்பி எம்மிடம் தனியே வந்து, “அக்கா, நீங்களே அம்மாவோடை கதையுங்கோ, எனக்குக் கஷ்டமாக இருக்கு” என்றான். தேநீர்க்கடைத் தோழரின் குரல் எமது வீட்டிலேயே கேட்டது. “நாங்கள் கதைச்சாச்சு. இனி நீ கதை” என்றோம்.

வருகிற ஞாயிறு தரகர் வருகிறார். தம்பி இன்னும் வாய் திறக்கவில்லை.